சம்பந்தியம்மாளின் முருங்கைக்கீரை

பிறருக்குச் சமைத்துப் பரிமாறுவதில் எனக்கு இணையாக எவருமில்லை என்றொரு செருக்கு எனக்கு நெடுங்காலமாக உண்டு. தூத்துக்குடியில் 34 ஆண்டுகள் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றிய நாள்களிலும் என் வீட்டு அடுப்பை வேறொருவர் கையில் நான் ஒப்படைத்ததில்லை. அந்தச் செருக்கு, நியூயார்க் மாநகரில் ஒரு குளிர்காலத்தில், ஒரு பிடி முருங்கைக்கீரையால் உடைந்த வரலாற்றை இங்கே எழுதுகிறேன். மாமியார் பதவியில் இருப்போரும், இனி அப்பதவிக்கு வரவிருப்போரும் இதனைப் பொறுமையுடன் வாசிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

என் ஒரே மகன் நியூயார்க்கில் கணிப்பொறித் துறையில் பணிபுரிகிறான். 2019-ஆம் ஆண்டில் அவன் பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண் ஒருத்தியை மணந்துகொண்டான். அவள் அந்நகரத்து மருத்துவமனை ஒன்றில் செவிலி. நம்மைப் போன்றே கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஆயினும் நான் உறவில் வேறொரு பெண்ணை மனத்தில் வரித்து, அவள் வீட்டாருக்கு வாக்கும் கொடுத்திருந்தேன். என் வாக்கு பொய்த்துப் போன சினத்தில் திருமணத்திற்கு நான் செல்லவில்லை. "முழங்கால் வலிக்கிறது, நெடும்பயணம் ஆகாது" என்று மகனுக்குச் சொல்லிவிட்டேன்.

மூன்று ஆண்டுகள் கழிந்தன. 2022-ஆம் ஆண்டின் நடுவில் மகன் தொலைபேசியில் அழைத்தான். "அம்மா, ஜனவரியில் குழந்தை பிறக்கும். அவளுடைய அப்பா பக்கவாதத்தில் படுக்கையாகக் கிடப்பதால் அவளுடைய அம்மாவால் வர இயலாது. நீங்கள் வருவீர்களா?" என்று கேட்டான். அன்பு மேலிட்டுப் புறப்பட்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் உண்மை அதுவன்று. பேறுகாலத்தில் ஒரு பெண்ணைத் தனியே விட்டுவிட்டார்கள் என்று ஊர் பேசுமே என்ற எண்ணத்தினால் கடமைக்காகவே சென்றேன்.

பெட்டியில் கருப்பட்டியும், உளுந்தும், சுக்கும், பிள்ளை பெற்றவளுக்கான காயப்பொடியும் நிறைத்தேன். எல்லாவற்றிற்கும் அடியில், ஏழு உறைகளுக்குள் பொதிந்து, என் சொந்தச் சுகத்திற்காகக் கொஞ்சம் நெத்திலிக் கருவாடும் வைத்துக்கொண்டேன்.

'போ' என்றொரு சொல்

அக்டோபர் மாதத் தொடக்கத்தில் ஒரு காலைப்பொழுதில் விமான நிலையத்தில் இறங்கினேன். வயிற்றுச் சுமையுடன் மருமகள் வந்து நின்றாள். குனிந்து, என் கையை எடுத்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். பின்னர், "குட்மார்னிங் போ, அத்தை" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'அத்தை' என்ற சொல்லை மகன் கற்றுக்கொடுத்திருப்பான். 'போ' என்பதையுமா கற்றுக்கொடுத்தான்? காரில் ஏறியதும், "பசிக்கிறதா போ?" என்னும் பொருளில் ஆங்கிலத்தில் கேட்டாள். பெட்டியைத் தூக்கிக் கொடுத்தபோது, "ஸலாமத் போ" என்றாள். வந்த அன்றே போகச் சொல்லும் மருமகளை நான் கதைகளிலும் கண்டதில்லை. வீட்டுக்கு வந்து மகனைத் தனியே அழைத்துக் கேட்டபோது அவன் விழுந்து விழுந்து சிரித்தான். தகாலோக் மொழியில் 'போ' என்பது மூத்தோரிடம் பேசுகையில் சேர்க்கும் மரியாதைச் சொல்லாம். நம் பேச்சில் 'வாங்க', 'சொல்லுங்க' என்று நாம் சேர்க்கும் 'ங்க' போன்றதாம். 'ஸலாமத்' என்றால் நன்றி. கையை நெற்றியில் ஒற்றிக்கொள்வது அவர்கள் நாட்டில் பெரியோரிடம் ஆசி பெறும் முறையாம்.

நானும் சிரித்தேன். ஆயினும் உள்ளத்தின் ஒரு மூலையில், அவள் மரியாதையாகச் சொன்ன சொல்லையும் விரட்டும் சொல்லாகவே கேட்க என் செவி ஆயத்தமாக இருந்ததே என்று உறுத்தியது.

ஏழாம் எண் இரயில்

அவர்கள் குடியிருப்பது குயின்ஸ் என்னும் பகுதியில். நியூயார்க்கின் ஐந்து பெரும் பகுதிகளுள் அது ஒன்று. 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு மக்கள்தொகை 24 இலட்சம். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அமெரிக்காவுக்கு வெளியே பிறந்தவர்கள். அப்பகுதியின் ஊடே, இரும்புத் தூண்களின் மேல், தலைக்கு மேலாக ஓர் இரயில் ஓடுகிறது. அதன் எண் 7. மன்ஹாட்டனிலிருந்து புறப்பட்டு வுட்சைட், ஜாக்சன் ஹைட்ஸ், எல்ம்ஹர்ஸ்ட் முதலிய இடங்களைக் கடந்து ஃப்ளஷிங் சென்று முடிகிறது. 1928-ஆம் ஆண்டிலேயே ஃப்ளஷிங் வரை பாதை போட்டுவிட்டார்கள். ஆனால் ஆசியாவின் சமையற்கட்டுகள் அப்பாதையை ஒட்டி வரிசையாக அமைந்தது பிற்காலத்தில்தான்.

அதற்குக் காரணம் ஒரு சட்டம். 1882-இல் சீனத் தொழிலாளரை உள்ளே விடக்கூடாதென்று அமெரிக்கா சட்டம் இயற்றியது. 1924-இல் ஆசியர் ஏறத்தாழ அனைவருக்கும் கதவு அடைபட்டது. 1965 அக்டோபர் 3-ஆம் நாள், சுதந்திரதேவி சிலையின் காலடியில் அமர்ந்து ஜனாதிபதி ஜான்சன் கையொப்பமிட்ட புதிய சட்டம்தான், பிறந்த நாட்டைப் பார்த்து ஆளை அளக்கும் முறையை ஒழித்தது. அதன்பின் மருத்துவர், செவிலியர், பொறியாளர், அவர்தம் உறவினர் எனக் குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்தனர். வந்தோர் வேலைக்குச் சென்றனர்; மாலையில் பசித்தது. அந்தப் பசியிலிருந்து பிறந்தவையே இந்தத் தெருவோர உணவகங்கள்.

மகனுக்குச் சனிக்கிழமை விடுமுறை. மருமகளுக்கும் ஓய்வு கிடைத்தால் மூவரும் புறப்படுவோம். மருத்துவர் அவளை நடக்கச் சொல்லியிருந்தார். "இன்று எந்த நாட்டுக்குப் போகலாம் அம்மா?" என்று மகன் கேட்பான். நிலையத்துப் படிகள் உயரமானவை. நான் விறுவிறுவென்று ஏறிவிட்டு மேலே நின்று அவளுக்காகக் காத்திருப்பேன். படியேறும்போது என் முழங்காலை நான் மறந்துவிட்டேன் என்பதை வாசகர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஃப்ளஷிங் சென்றால் சீனம். நிலவறையில் சிறு சிறு கடைகள். ஒருவர் மாவை இரு கைகளாலும் இழுத்து, மடித்து, மீண்டும் இழுத்து, கண்முன்னே நூலாக்குகிறார். மேற்குச் சீனத்து ஷியான் நகரச் சமையலில் ஆட்டிறைச்சி நூடுல்ஸ் உண்டு. அதன் தட்டு முன்னே வந்ததும் எனக்கு நன்கு தெரிந்த மணம் எழுந்தது. சீரகம்! பட்டுப் பாதை வழியே வணிகரோடு அந்நகருக்குச் சென்ற சீரகம். 2005-இல் ஃப்ளஷிங்கின் நிலவறைக் கடை ஒன்றில் இந்த உணவை விற்கத் தொடங்கிய 'ஷியான் ஃபேமஸ் ஃபூட்ஸ்' பின்னர் நகரெங்கும் கிளை பரப்பியதாம். அதே ஃப்ளஷிங்கில், பௌன் தெருவில், 1977-இல் குடமுழுக்கு நடந்த பிள்ளையார் கோவில் இருக்கிறது. அதன் கீழ்த்தளத்து உணவகத்தில் தோசையும் சாம்பாரும் கிடைக்கும். ஊர் நினைவு வாட்டிய ஒரு நாள் அங்கும் சென்று உண்டோம். எனக்குப் பக்கத்தில் ஒரு சீன முதியவர் தோசையைச் சட்னியில் தோய்த்து நிதானமாக உண்டுகொண்டிருந்தார்.

ஜாக்சன் ஹைட்ஸில் திபெத்தியரும் நேபாளியரும் மோமோ விற்கிறார்கள். நம் கொழுக்கட்டையின் உடன்பிறப்பு. உள்ளே பூரணத்திற்குப் பதிலாக இறைச்சி. எல்ம்ஹர்ஸ்டில் தாய்லாந்துக்காரர் கொடுத்த சாற்றில் அரத்தை மணந்தது. நம் ஊரில் இருமலுக்கு இடித்துக் கொடுக்கும் மருந்துச்சரக்கு அங்கே தேங்காய்ப்பாலில் மிதக்கிறது. எல்லாவற்றையும் நான் ருசித்தேன், வியந்தேன், மகிழ்ந்தேன். அயலாரின் உணவில் நம் அஞ்சறைப்பெட்டியைக் கண்டுபிடிக்கும் விளையாட்டில் பள்ளிப் பிள்ளைபோல் ஆனேன்.

ஆனால் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். எந்த நாட்டு உணவையும் ஆவலோடு உண்ட நான், என் மருமகளின் நாட்டு உணவை மட்டும் குறை சொல்லிக்கொண்டே உண்டேன். நூடுல்ஸ் இழுத்த சீனரிடம் எனக்கு வழக்கு எதுவும் இல்லை. வழக்கு இருந்த இடத்தில் நாக்கு கசந்தது.

வுட்சைட்டில் ஒரு மேசை

வுட்சைட், பிலிப்பைன்ஸ் மக்கள் மிகுதியாக வாழும் பகுதி. ரூஸ்வெல்ட் அவென்யூவில் அவர்களுடைய உணவகங்களும், ரொட்டிக் கடைகளும், ஊருக்குப் பெட்டி அனுப்பும் நிலையங்களும் நெருங்கி நிற்கின்றன. அந்நாடு 1898 முதல் 1946 வரை அமெரிக்கர் ஆட்சியில் இருந்தது. அக்காலத்திலேயே அமெரிக்க முறையில் செவிலியர் பள்ளிகள் அங்கு தோன்றிவிட்டமையால், பின்னாளில் அங்கிருந்து செவிலியர் பெருந்திரளாக வந்தனர்.

மருமகள் எங்களை ஒரு சிறிய உணவகத்திற்கு அழைத்துச் சென்றாள். உரிமையாளர் ஓர் அறுபது வயது அம்மையார். உள்ளே நுழைந்ததும், "குமாயின் நா போ காயோ?" என்றார். "சாப்பிட்டீர்களா?" என்று பொருள். நம் ஊரைப் போலவே அதுதான் அவர்களுக்கு நலம் விசாரிப்பு.

முதலில் 'சினிகாங்' வந்தது. புளி கரைத்த சாற்றில் மீன், வெண்டைக்காய், முள்ளங்கி, காராமணி, சேப்பங்கிழங்கு. நம் மீன்குழம்பிலிருந்து மிளகாயையும் மல்லியையும் கழுவி எடுத்துவிட்டாற்போல் இருந்தது. "புளி இருக்கிறது, குழம்பு எங்கே?" என்று தமிழில் மகனிடம் சொன்னேன். பிறகு 'காரெ-காரெ' வந்தது. வேர்க்கடலைக் குழம்பில் மாட்டு வால். தொட்டுக்கொள்ள, நம் சென்னாக்கூனியை அரைத்தாற்போன்ற இறால் விழுது. மகன் ஒரு செய்தி சொன்னான்: 1762-இல் ஆங்கிலேயர் மணிலாவைப் பிடிக்கச் சென்ற படை நம் சென்னையிலிருந்துதான் புறப்பட்டதாம். அதில் சென்ற சிப்பாய்கள் சிலர் ஊர் திரும்பாமல் மணிலாவை அடுத்த காயிந்தா என்னும் ஊரில் தங்கிவிட்டனர். அவர்கள் ஊர்க் கறியை நினைத்துச் சமைத்ததே காரெ-காரெ ஆயிற்று என்று அந்நாட்டில் ஒரு வழக்கு உண்டு. "அப்படியானால் இந்தக் கறிக்கு வயது 260. அதற்குள் காரம் போய்விட்டது" என்றேன். மகன் சிரிக்கவில்லை.

இறுதியில் ஒரு கிண்ணத்தில் 'தினோலா' வந்தது. கோழி, இஞ்சி, தெளிந்த சாறு, மேலே கொஞ்சம் கீரை. அவ்வளவுதான். மருமகள் அதை இரு கைகளாலும் ஏந்தி ஆவியை முகர்ந்தாள். அந்நாட்டுத் தேசிய வீரர் ஹோசே ரிசால் 1887-இல் வெளியிட்ட புதினத்திலேயே தினோலா விருந்து வருகிறது என்று சொன்னாள். அங்கே துறவி ஒருவரின் கிண்ணத்தில் கழுத்தெலும்பும் இறக்கையும் மட்டும் விழ, அவர் சினம் கொள்கிறாராம். நான் ஒரு கரண்டி பருகிவிட்டு, "காய்ச்சல்காரருக்குக் கொடுக்கலாம்" என்றேன், இம்முறை ஆங்கிலத்தில். அம்மையார் முகம் வாடாமல், "எங்கள் ஊரில் இதற்கு வேறொரு கீரை போடுவோம்; பிள்ளை பெற்றவளுக்கு இதைத்தான் கொடுப்போம். இங்கே அது எளிதில் கிடைக்காததால் பசலை போடுகிறேன்" என்றார். என்ன கீரை என்று நான் கேட்கவில்லை.

அங்கே சுவரில் சில புகைப்படங்கள் மாட்டியிருந்தன. செவிலியர் உடையில் பெண்கள், முகக்கவசம் அணிந்தவர்கள், கைகளில் உணவுப் பொட்டலங்கள். 2020-இன் கொள்ளைநோய்க் காலத்தில் வுட்சைட் உணவகங்கள் மருத்துவமனைகளுக்குச் சோறு அனுப்பினவாம். அவ்வாண்டு செப்டம்பரில் அமெரிக்கச் செவிலியர் சங்கம் ஒன்று வெளியிட்ட கணக்கை மகன் சொன்னான். அந்நாட்டுச் செவிலியருள் பிலிப்பைன்ஸ் வழியினர் நூற்றுக்கு நான்கு பேர்தாம். நோயால் இறந்த செவிலியருள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் அவர்கள். மருமகள் படத்தில் ஒரு முகத்தைத் தொட்டுக்காட்டி, "என்னோடு பணிபுரிந்தவர்" என்று மட்டும் சொன்னாள்.

2020 ஏப்ரலில் மகன் நாள்தோறும் என்னை அழைத்தான். நாள்தோறும் அவனுக்காகச் செபமாலை சொன்னேன். அந்த நாள்களில் அவள் நோயாளிகளிடையே நின்றிருந்தாள். ஒருநாள்கூட "அவளிடம் தொலைபேசியைக் கொடு" என்று நான் கேட்டதில்லை.

மறைத்துவைத்த இரு பொட்டலங்கள்

இதற்கிடையே சிரிப்புக்கு இடமான ஒரு நிகழ்ச்சி. நவம்பரில் ஒருநாள் இருவரும் பணிக்குச் சென்றிருந்தபோது, நான் கதவைத் தாழிட்டு, சன்னல்களை எல்லாம் திறந்து வைத்து, நெத்திலிக் கருவாட்டை வறுத்துக்கொண்டிருந்தேன். மருமகள் எதிர்பாராமல் முன்னதாகவே வந்துவிட்டாள். வாயிலில் நின்றவள் மூக்கை உறிஞ்சினாள். நான் குற்றவாளிபோல் கரண்டியோடு நின்றேன். அவள் ஓடிச்சென்று குளிர்ப்பெட்டியின் அடித்தட்டிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வந்தாள். பிரித்தால், உப்பிட்டுக் காய்ந்த சிறு மீன்கள்! 'தூயோ' என்று பெயராம். "இந்திய மாமியார்களுக்கு மீன் வாடை ஆகாது என்று தோழிகள் சொன்னார்கள். ஆறு வாரமாக ஒளித்து வைத்திருக்கிறேன் போ" என்றாள்.

அன்று பூண்டு வதக்கிய பழஞ்சோறு அவள் செய்தாள். கருவாட்டை நான் வறுத்தேன். இருவரும் கையால் உண்டோம். அவர்களும் விசேட நாள்களில் வாழையிலை விரித்துக் கையால் உண்பார்களாம். அதற்குக் 'காமாயான்' என்று பெயராம். திசம்பரில் மாலைத் திருப்பலிகளின் நவநாள் முடிந்ததும் ஆலயக் கூடத்தில் ஒரு பலகாரம் கொடுத்தார்கள். மூங்கிற் குழலில் ஆவியில் வேகவைத்த கருஞ்சிவப்பு அரிசிமாவு. மேலே தேங்காய்த் துருவலும் கருஞ்சர்க்கரையும். பெயர் 'புத்தோ பும்போங்'. "நம் குழாய்ப்புட்டு" என்று நான் வாய்விட்டுச் சொல்ல, அவள் கைதட்டிச் சிரித்தாள்.

இவ்வளவும் நடந்தபின் என் மனம் மாறியிருக்க வேண்டுமல்லவா? கொஞ்சம் நெகிழ்ந்தது, மாறவில்லை. கருவாட்டில் ஒன்றுபட்டோம் என்பதற்காகச் சமையற்கட்டின் சாவியை நான் விட்டுக்கொடுப்பேனா?

களியும் கண்ணீரும்

ஜனவரி இரண்டாம் வாரத்தில் பெண் குழந்தை பிறந்தது. வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என் ஆட்சி தொடங்கியது. காலையில் சுக்குக் காயம். பிறகு நல்லெண்ணெயும் கருப்பட்டியும் சேர்த்த உளுந்தங்களி. பகலில் பூண்டுக் குழம்பு. நான் பிள்ளை பெற்றபோது என் தாயார் எனக்குச் செய்தவை யாவும் குறைவின்றிச் செய்தேன். அவள் ஒவ்வொன்றிலும் இரண்டு வாய் உண்பாள். "ஸலாமத் போ, அத்தை" என்பாள். தட்டை மெதுவாக நகர்த்திவிடுவாள்.

குழந்தைக்குப் பால் போதவில்லை. இரவெல்லாம் அழுதது. "உண்ணாவிட்டால் எப்படி ஊறும்?" என்று நான் இன்னும் ஒரு கரண்டி களியை வைப்பேன். நான்காம் நாள் அவள் தட்டைப் பார்த்தவாறே கண்ணீர் வடித்தாள். நான் சமையற்கட்டில் நின்று பாத்திரங்களை ஓசைப்படுத்தினேன். எட்டாயிரம் மைல் கடந்து வந்து, கைவலிக்கக் களி கிண்டிய என் உழைப்பை அவள் அவமதிப்பதாகவே எனக்குத் தோன்றியது.

ஐந்தாம் நாள் காலை. அறைக்கதவு சற்றே திறந்திருந்தது. அவள் தன் தாயோடு கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு பாதி, விம்மல் பாதி. தகாலோக் மொழி எனக்குத் தெரியாது. ஆனால் அந்த விம்மலுக்கிடையே ஒரு சொல் மூன்று முறை வந்தது. தினோலா. தினோலா. தினோலா.

வாசகர்களே, சனிக்கிழமைகளில் நான் அந்த இரயிலில் ஏறாதிருந்தால், வுட்சைட் அம்மையாரின் மேசையில் அமராதிருந்தால், அந்தச் சொல் என் செவியில் வெறும் ஓசையாகவே விழுந்திருக்கும். அன்று அது எனக்குப் புரிந்தது. அவள் என் உணவை அவமதிக்கவில்லை. தன் தாயின் கையை நினைத்துப் பசித்திருந்தாள். நான் பிள்ளை பெற்றபோது என் தாயார் எனக்குச் செய்ததை அவளுக்குச் செய்தேனே தவிர, அவள் தாயார் அவளுக்கு என்ன செய்திருப்பார் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

உள்ளே சென்று, "கொடு, நான் பேசுகிறேன்" என்று கைப்பேசியை வாங்கிக்கொண்டேன்.

மலுங்கை

திரையில் என் வயதையொத்த ஒரு பெண்மணி. பத்தங்காஸ் மாநிலத்துக் கிராமத்தில் அப்போது இரவு ஒன்பது மணி. அவர் கண்களைத் துடைத்துக்கொண்டு, "பலாஎ!" என்று என்னை அழைத்தார். அச்சொல்லின் பொருளை மருமகள் சொன்னபோது நான் திகைத்தேன். மக்களை மணவினையில் இணைத்த பெற்றோர் ஒருவரையொருவர் அழைக்கும் உறவுப்பெயராம். அதாவது, சம்பந்தி! ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் சொல்ல இயலாத அந்த உறவுக்கு அவர்களிடமும் ஒரு சொல் இருந்தது. மூன்று ஆண்டுகளாக எனக்கொரு சம்பந்தியம்மாள் இருந்தார். அவர் முகத்தை அன்றுதான் பார்த்தேன்.

"தினோலா, எப்படி?" என்று கேட்டேன். அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் கொஞ்சம். கை அசைவு மிகுதி. கோழி என்றார், இஞ்சி என்றார், பச்சைப் பப்பாளிக்காயைத் தூக்கிக் காட்டினார். நான் பதறினேன். பிள்ளைத்தாய்ச்சி வீட்டுப் பக்கமே பப்பாளியை அண்டவிடாத ஊர் எங்களது! பிறந்த பிறகுமா என்று கையை ஆட்டி மறுத்தேன். அவர் சிரித்து, அதைக் கீழே வைத்துவிட்டு, சௌசௌ ஒன்றைத் தூக்கிக் காட்டினார், 'சாயோத்தே' என்றார். அது எனக்குச் சம்மதம். பிறகு, "இது முக்கியம்" என்று சொல்லி, கைவிளக்கை எடுத்துக்கொண்டு இருட்டில் தோட்டத்துக்கு நடந்தார். திரையில் வேலி தெரிந்தது; ஒரு மரம் தெரிந்தது. எட்டி ஒரு கொத்தை ஒடித்துக் கைப்பேசியின் முன் நீட்டினார்.

சிறிய, வட்டமான, மென்பச்சை இலைகள்.

"மலுங்கை" என்றார் அவர்.

"முருங்கை!" என்று நான் கூவினேன்.

"மலுங்கை!"

"முருங்கை!"

உலகின் இரு முனைகளில் இரு கிழவிகள் ஓர் இலையைப் பார்த்துச் சிறுபிள்ளைகளைப் போல் கத்திக்கொண்டிருந்தோம். மருமகள் அழுகையினூடே சிரித்தாள். இமயமலையின் அடிவாரத்தில் தோன்றிய மரமாம் அது. தாவரவியலார் இட்ட 'மொரிங்கா' என்ற பெயரே நம் முருங்கையிலிருந்து பிறந்ததுதான். என் தாயார் எனக்குக் கொடுத்த அதே கீரையை, பால் ஊறும் என்ற அதே நம்பிக்கையோடு, கடலுக்கு அப்பால் இன்னொரு தாயார் தம் மகளுக்காகப் பறித்துக்கொண்டு நின்றார்.

அன்று நான் முதன்முறையாகத் தனியே இரயில் ஏறினேன். எலும்பைத் துளைக்கும் குளிர்காற்று. வுட்சைட்டிலிருந்து இரண்டாம் நிலையம் ஜாக்சன் ஹைட்ஸ். அங்கே 74-ஆம் தெருவில் இந்தியக் கடைகள் வரிசையாக உள்ளன. ஒரு கடையில் பழுத்துப்போன கட்டுதான் கிடைத்தது. அடுத்த கடையில் பச்சையாகக் கிடைத்தது. மூன்று கட்டு வாங்கி, மேலங்கிக்குள் வைத்து அணைத்துக்கொண்டு வந்தேன்.

சம்பந்தியம்மாள் உறங்காமல் காத்திருந்தார். கைப்பேசியை உப்புச்சாடியின்மேல் சாய்த்து வைத்துவிட்டுச் சமைத்தேன். பூண்டு, வெங்காயம், நிறைய இஞ்சி வதக்கி, கோழித் துண்டுகளைப் போட்டு, மீன்சாற்றுக் கரைசலால் உப்பேற்றி, நீர் விட்டு, நிதானமாகக் கொதிக்கவிட வேண்டும். பழக்கத்தில் என் கை மஞ்சள்தூளுக்குப் போயிற்று. திரையில் ஒரு விரல் ஆடியது. மிளகுக்குப் போயிற்று, மீண்டும் விரல் ஆடியது. கைகளைக் கட்டிப்போட்டாற்போல் நின்றேன். நாற்பது ஆண்டுக்குமேல் அடுப்பை ஆண்டவளுக்குச் சும்மா நிற்பது எத்தனை கடினம்! கடைசியில் அடுப்பை அணைத்துவிட்டு உருவிய கீரையை உதிர்த்தேன். அந்தச் சூட்டிலேயே அது வெந்தது.

இஞ்சியும் கீரையும் கலந்த மணம் அறைக்குள் சென்றது. அவள் குழந்தையை ஏந்திக்கொண்டு தானே எழுந்து வந்தாள். கிண்ணத்தை முகத்தருகே கொண்டுபோனாள். ஒரு வாய் பருகினாள். திரையைப் பார்த்தாள்; என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு கிண்ணம் சோற்றோடு உண்டாள்.

நானும் ஒரு கிண்ணம் ஊற்றிக்கொண்டு எதிரே அமர்ந்தேன். அன்று உணவகத்தில் பருகியதைவிட அதில் சேர்க்கை ஒன்றும் அதிகமில்லை, கீரை ஒன்றைத் தவிர. ஆனால் அன்றுதான் அதன் சுவை எனக்குத் தெரிந்தது.

சொல்ல வேண்டியதை அப்போதே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. "உங்கள் திருமணத்திற்கு நான் வராததற்கு முழங்கால் வலி காரணமன்று" என்றேன்.

அவள் குழந்தையின் தலையைத் தடவியவாறே சொன்னாள்: "தெரியும் அத்தை. நான் செவிலி அல்லவா? முதல் வாரமே நீங்கள் இரயில் நிலையப் படிகளில் ஏறியதைப் பார்த்தேன் போ."

நான்கு மாதங்களாகத் தெரிந்திருந்தும் அவள் ஒரு சொல் சொல்லவில்லை. ஒவ்வொரு காலையும் என் கையை நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். நான் எழுந்து சென்று அவள் தலையில் கை வைத்தேன். மன்னிப்பு என்ற சொல்லை இருவருமே சொல்லிக்கொண்டதாக நினைவில்லை.

இரண்டொரு நாளில் பால் பெருகியது. வீட்டுக்கு வந்து பார்த்த செவிலி, குழந்தையை அடிக்கடி மார்பில் அணைத்ததே காரணம் என்றார். சம்பந்தியம்மாள் மலுங்கை என்றார். நான் யாரோடும் வழக்காடவில்லை. மன அமைதியோடு உண்டதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று மட்டும் எண்ணிக்கொண்டேன்.

மறுவாரம் மருமகள் தானாகவே கேட்டாள்: "அத்தை, அந்தப் பூண்டுக் குழம்பு இன்று உண்டா?" வைத்துக் கொடுத்தேன். கேட்டு உண்ணும் வாய்க்கும் திணித்து உண்ணும் வாய்க்கும் உள்ள வேறுபாட்டை அன்று கண்டேன். அதன்பின் ஒருநாள் அவளூர்ச் சாறு, ஒருநாள் நம்மூர்க் குழம்பு. வுட்சைட் அம்மையாரின் உணவகத்துக்கும் ஒரு கட்டு முருங்கைக்கீரை கொண்டுபோய்க் கொடுத்தேன். காய்ச்சல்காரருக்கு என்று நான் சொன்னதை அவர் மறக்கவில்லை; "இப்போது உடம்புக்கு எப்படி?" என்று கேட்டுச் சிரித்தார். உடம்புக்கு ஒன்றுமில்லை, நாக்குத்தான் சரியாயிற்று என்றேன்.

நம் இல்லங்களிலும் இன்று வேறு ஊரிலிருந்து, வேறு மொழியிலிருந்து மருமக்கள் வருகிறார்கள். அவர்களுக்கு நம் சமையலைக் கற்றுக்கொடுக்க நாம் துடிக்கிறோம், நல்லதுதான். ஆனால் முதல் வாரத்திலேயே ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: "உனக்கு உடம்பு சரியில்லாதபோது உன் அம்மா என்ன செய்து கொடுப்பார்கள்?" நான் அதைக் கேட்க மூன்று ஆண்டுகளும் ஐந்து இரவுகளும் எடுத்துக்கொண்டேன்.

மார்ச் மாத இறுதியில் ஊர் திரும்பினேன். விமான நிலையத்தில் அவள் குழந்தையை என் தோளிலிருந்து வாங்கிக்கொண்டு, என் கையை நெற்றியில் ஒற்றி, "இங்காத் போ, அத்தை" என்றாள். பத்திரமாகச் சென்று வாருங்கள் என்று பொருள். போ என்ற அச்சொல்லைக் கேட்டு, போக மனமின்றி நின்றேன்.

தூத்துக்குடியில் என் வீட்டுக் கொல்லையில் ஒரு முருங்கை மரம் உண்டு. ஞாயிறுதோறும் அதன் கீழ் நாற்காலி போட்டு அமர்ந்து, பத்தங்காஸுக்கு அழைக்கிறேன். சம்பந்தியம்மாளும் தம் மரத்தடியில் அமர்ந்திருப்பார். "சாப்பிட்டீர்களா?" என்று அவர் தமிழில் கேட்பார். நான் தகாலோக் மொழியில் கேட்பேன்.